பதினான்கு வரிகளில் ஐந்நூறு ஆண்டுகள்

இளங்கலை ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளும், நெட், செட், டி.ஆர்.பி. தேர்வுக்குத் தயாராகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மேடம், இந்த ஏஜ் எல்லாத்தையும் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?"

எலிசபெத் காலம் 1558 முதல் 1603 வரை. அதற்குப் பிறகு ஜேக்கபியன், கரோலைன், காமன்வெல்த், 1660இல் ரெஸ்டோரேஷன், அப்புறம் அகஸ்டன், ரொமாண்டிக், விக்டோரியன், மாடர்ன். ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே நாலு கவிஞர், நாலு நூல், கைடில் போட்டிருக்கும் நாலு பண்புகள். ராத்திரி பகலாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு வருகிறார்கள். அடுத்த மாதம் கேட்டால் பாதி மறந்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றோடொன்று ஒட்டாத விஷயத்தை எந்த மூளையும் அதிக நாள் வைத்துக்கொள்ளாது.

அவர்களுக்கு நான் சொல்லும் வழியை இன்று விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். காலங்களைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஏதாவது ஒரு கவிதை வடிவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது யார் கைக்குப் போனது, அங்கே எதைப் பேசியது, எப்போது சீந்துவாரில்லாமல் கிடந்தது, யார் மறுபடி எடுத்தார்கள் என்று பின்தொடர்ந்து போங்கள். காலங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் தானாகத் தெரியவரும். இதற்குச் சானெட்டைவிடப் பொருத்தமான வடிவம் ஆங்கிலத்தில் இல்லை என்பது என் முடிவு.

வகை வேறு, வடிவம் வேறு

முதலில் பலரும் குழம்பும் ஓர் இடத்தைச் சரிசெய்துவிடுவோம். எலிஜி என்கிற இரங்கற்பா ஒரு வகை. எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை வைத்து அந்தப் பெயர். சானெட் ஒரு வடிவம். எத்தனை அடி, என்ன சந்தம், எந்த அடியோடு எந்த அடி இயைபு கொள்கிறது என்பதை வைத்து அந்தப் பெயர். ஒரே கவிதை இரண்டுமாக இருக்கலாம். வில்ஃப்ரெட் ஓவன் 1917இல் எழுதிய 'ஆந்தம் ஃபார் டூம்ட் யூத்' வகையால் இரங்கற்பா, வடிவத்தால் சானெட், காலத்தால் முதல் உலகப் போர்க் கவிதை.

சானெட்டுக்கு 14 அடி. அடிக்குப் பொதுவாகப் பத்து அசை. அழுத்தம் குறைந்த அசையும் அழுத்தம் கூடிய அசையுமாக ஐந்து ஜோடி. இதைத்தான் ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்கிறார்கள். நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து நேரசை, நிரையசை என்று அலகிடுகிறோம். ஆங்கிலத்தில் குரல் எங்கே அழுந்துகிறது என்பதே கணக்கு. ஆகவே கண்ணால் மட்டும் படித்தால் சந்தம் பிடிபடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

இத்தாலிய முறையில் முதல் எட்டு அடி ஒரு பகுதி, அடுத்த ஆறு அடி இன்னொரு பகுதி. ஆங்கில முறையில் மூன்று நாலடிகளும் கடைசியில் ஓர் ஈரடியும். இரண்டு முறையிலும் 'வோல்டா' என்று ஒரு திருப்பம் வரும். அதுவரை சொல்லிவந்ததை மறுத்தோ, ஐயப்பட்டோ, வேறு பக்கத்திலிருந்து பார்த்தோ பேச்சு மாறும் இடம் அது. சானெட்டின் உயிர் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலமும் எதிலிருந்து எதற்குத் திரும்புகிறது என்று கவனியுங்கள்.

அரசனின் மான்

13ஆம் நூற்றாண்டில் சிசிலியில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் ஆவண அலுவலராக இருந்த ஜியாகோமோ தா லென்டினிதான் சானெட்டை உருவாக்கியவர் என்று கொள்வது வழக்கம். அடுத்த நூற்றாண்டில் பெத்ரார்க் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய தொகுப்பில் உள்ள 366 கவிதைகளில் 317 சானெட்டுகள். பெரும்பாலானவை லாரா என்ற பெண்ணைப் பற்றியவை. அவள் எட்டாதவள். கவிஞர் ஏங்குகிறார், அவள் வாய் திறப்பது அரிது.

ஆங்கிலத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் சர் தாமஸ் வயட். எட்டாம் ஹென்றியின் தூதுக்குழுவோடு 1527இல் இத்தாலி போய்வந்தவர். பெத்ரார்க்கின் ஒரு சானெட்டில் வெள்ளை மான் ஒன்று கனவுபோல் தோன்றும். அதன் கழுத்தணியில், சீசர் தன்னை விடுதலை செய்துவிட்டதாக எழுதியிருக்கும். வயட் அதே மானை எடுத்துக்கொண்டார். அவர் கவிதையில் அது வேட்டை மான், துரத்துகிறவர்கள் பலர், துரத்திக் களைத்துப்போனவர் கவிஞர். அதன் கழுத்தில் உள்ள எழுத்து, நான் சீசருக்குச் சொந்தம், தொடாதே என்கிறது. ஹென்றியின் மனைவி ஆன் பொலினை நினைத்து எழுதியது இது என்று பலர் படிக்கிறார்கள். 1536இல் ஆன் பொலின் தலை வெட்டப்பட்ட அந்த மே மாதம், வயட்டும் லண்டன் கோபுரச் சிறையில்தான் இருந்தார். இத்தாலியில் புனிதமாக இருந்த மான் இங்கே அரசனின் உடைமையாகிவிட்டது. டியூடர் அரசவை எப்படிப்பட்ட இடம் என்பதை இந்த ஒரு மாற்றத்திலேயே உணர்ந்துகொள்ளலாம்.

அடுத்து வந்த சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்ட் வடிவத்தையே மாற்றினார். இத்தாலிய மொழியில் இயைபுச் சொற்கள் ஏராளம், ஆங்கிலத்தில் குறைவு. ஒரே ஓசையில் நான்கு சொல் தேடிச் சிரமப்படுவதைவிட, நாலடிக்கு நாலடி புது ஓசை வைத்துக்கொண்டு கடைசியில் ஈரடியாக முடித்தார். பின்னாளில் ஷேக்ஸ்பியர் பெயரால் நிலைத்த முறை இது. சர்ரேயும் 1547 ஜனவரியில் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் தலை வெட்டப்பட்டார். இருவரும் இறந்த பிறகு, 1557இல் ரிச்சர்ட் டாட்டெல் என்ற அச்சகர் இவர்கள் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அரசவைக்குள் கையெழுத்துப் படியாகச் சுற்றிவந்த கவிதை, காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய புத்தகமானது அப்போதுதான்.

காதலியிடமிருந்து கடவுளுக்கு

எலிசபெத் காலத்தின் கடைசிப் பத்து ஆண்டுகளில் சானெட் பெரிய மோகமாகவே ஆகிவிட்டது. 1591இல் சர் ஃபிலிப் சிட்னியின் சானெட் தொடர் அச்சானது. சிட்னி ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போர்க்காயத்தால் இறந்திருந்தார். டேனியல், டிரெய்ட்டன், ஸ்பென்சர் என்று வரிசையாக எல்லோரும் எழுதினார்கள்.

ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகள் நூலாக வந்த ஆண்டு 1609. எலிசபெத் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவற்றில் சிலவாவது நண்பர்களிடையே படிக்கப்பட்டுவந்ததை ஃபிரான்சிஸ் மியர்ஸ் 1598லேயே குறிப்பிட்டிருக்கிறார். எழுதப்பட்டது ஓர் அரசி காலத்தில், அச்சேறியது ஓர் அரசன் காலத்தில். இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? காலக்கோடுகள் நம் வசதிக்காகப் பின்னால் கிழிக்கப்பட்டவை என்பதை இங்கேயே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கத்திலும் அவர் மரபைத் தலைகீழாக்கினார். முதல் 126 கவிதைகள் ஓர் இளைஞனை முன்னிறுத்துகின்றன. அதன் பிறகு வரும் பெண், பெத்ரார்க் மரபின் பொன்னிறக் கூந்தல் அழகியாக இல்லாமல் கறுத்த நிறத்தவளாக, கவிஞரைப் படாதபாடு படுத்துகிறவளாக வருகிறாள்.

1621இல் சிட்னியின் தம்பி மகள் லேடி மேரி ரோத், தன் உரைநடைக் காவியமான 'யுரேனியா'வின் பின்னிணைப்பாக ஒரு சானெட் தொடரை வெளியிட்டார். அதில் காதலிப்பவள் பெண், பேசுபவளும் பெண். நூலில் தன் குடும்ப விவகாரம் இருக்கிறது என்று ஒரு பிரபு கொதித்தெழுந்து வசைபாடியதில், நூலைத் திரும்பப் பெற முயல வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டார்.

அதே நூற்றாண்டில் ஜான் டன் சானெட்டைக் கடவுளிடம் திருப்பினார். காதலியிடம் கெஞ்சிய அதே வேகத்தில் இறைவனிடம் வாதாடுகிறார். அவர் 1631இல் இறந்து, 1633இல்தான் கவிதைகள் நூலாயின. 'மெட்டாஃபிசிக்கல்' என்ற பெயர் அவருடைய குழுவுக்கு ஒட்டிக்கொண்டது, 18ஆம் நூற்றாண்டில் விமர்சகர் சாமுவேல் ஜான்சன் எழுதியதற்குப் பிறகு.

மில்டன் சானெட்டை அரசியலுக்குள் இழுத்துவந்தார். 1655இல் பீட்மாண்ட் மலைப்பகுதியில் வால்டென்சியர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவினர் படுகொலை செய்யப்பட்டபோது, கிராம்வெல் அரசின் அயல்மொழிச் செயலாளராக அதிகாரபூர்வக் கண்டனக் கடிதங்களை எழுதியவர் மில்டன்தான். அதே கோபத்தில் ஒரு சானெட்டும் எழுதினார். தன் பார்வை போனதைப் பற்றிய சானெட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்பதாம் அடியில் வர வேண்டிய திருப்பம் எட்டாம் அடியின் நடுவிலேயே வந்துவிடுகிறது. புலம்பத் தொடங்கியவரை முடிக்கவிடாமல் பொறுமை குறுக்கிட்டுப் பதில் சொல்கிறது. இலக்கணத்தை மீறிய இடத்திலேயே பொருள் இருக்கிறது.

யாரும் தொடாத நூறு ஆண்டு

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மில்டனுக்குப் பிறகு சானெட் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. 1660இல் முடியாட்சி திரும்பிய பிறகு ஆங்கிலக் கவிதை வெளியரங்கத்துக்கு வந்தது. காபி இல்லங்கள், பத்திரிகைகள், கட்சி அரசியல், அங்கதம். டிரைடனும் போப்பும் இதற்கு எடுத்துக்கொண்டது ஹீரோயிக் கப்ளெட் என்ற ஈரடி. வாதத்துக்கும் கிண்டலுக்கும் அதுபோல் வசதியான கருவி வேறில்லை. தனி மனிதரின் உள்மனத்தைப் பேசும் சானெட்டுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. 1755இல் வெளியான தன் அகராதியில் ஜான்சன், சானெட் ஆங்கிலத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது, மில்டனுக்குப் பின் புகழ்பெற்ற எவரும் அதைக் கையாளவில்லை என்று எழுதிவிட்டார்.

அந்தக் காலத்தவருக்குத் தனித் துயரம் இல்லாமலா இருந்தது? 1742இல் தன் நண்பர் ரிச்சர்ட் வெஸ்ட் இறந்தபோது தாமஸ் கிரே ஒரு சானெட் எழுதினார். உயிரோடு இருந்தவரை அவர் அதை வெளியிடவே இல்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1775இல்தான் அச்சானது. ஒரு காலத்தின் இயல்பை அறிய அது அச்சிட்டதைப் பார்ப்பதோடு நிற்காமல், அது பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதையும் பார்க்க வேண்டும்.

அந்தப் பூட்டைத் திறந்தவர் ஒரு பெண். சார்லட் ஸ்மித். கணவர் கடனில் மூழ்கி லண்டனில் கிங்ஸ் பெஞ்ச் சிறைக்குப் போனார். மனைவியும் அங்கே கூடவே தங்கினார். வீடு நிறையக் குழந்தைகள், வருமானம் இல்லை. அந்த நிலையில் 1784இல் 'எலிஜியாக் சானெட்ஸ்' நூலை வெளியிட்டார். விற்றது, மறுபதிப்புகள் தொடர்ந்து வந்தன. எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினார். கடற்கரை, நிலவு, வசந்தம் என்று இயற்கையின் முன் நின்று தன் துயரத்தைத் தன் குரலில் பேசும் கவிதைகள் அவை.

இவை எல்லாம் ரொமாண்டிக் காலத்தின் பண்புகள் என்று நாம் படிக்கிறோம். அந்தக் காலம் 1798இல் 'லிரிக்கல் பேலட்ஸ்' நூலோடு தொடங்குகிறது என்றும் எழுதுகிறோம். ஸ்மித்தின் நூல் அதற்குப் பதினான்கு ஆண்டு முந்தியது. இளைஞரான வேர்ட்ஸ்வொர்த் 1791இல் பிரான்சுக்குப் போகும் வழியில் பிரைட்டனில் அவரைச் சந்தித்திருக்கிறார். முதுமையில், இந்தப் பெண்மணிக்கு ஆங்கிலக் கவிதை பட்டிருக்கும் கடனை யாரும் ஒப்புக்கொள்ளவோ நினைவில் வைக்கவோ போவதில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். அவர் சொன்னபடியே நடந்தது. நம் கல்லூரிகளில் பல தலைமுறைகள் படித்த ஹட்சனின் இலக்கிய வரலாற்றில் காலங்களுக்குச் சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன், போப், ஜான்சன், வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன் என்று ஆட்களின் பெயர்கள். எட்டும் ஆண்கள். காலப் பட்டியலை மட்டும் படித்தால் சார்லட் ஸ்மித் கண்ணில் படமாட்டார். சானெட்டைப் பின்தொடர்ந்தால் அவரைத் தாண்டாமல் போகவே முடியாது.

வேர்ட்ஸ்வொர்த் முதல் ஹாப்கின்ஸ் வரை

1802 மே மாதம் தங்கை டாரத்தி மில்டனின் சானெட்டுகளைப் படித்துக்காட்ட, வேர்ட்ஸ்வொர்த் மறுபடி இந்த வடிவத்துக்குள் இறங்கினார். வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேல் எழுதினார். அந்த ஆண்டு பிரான்சுக்குப் போகும் வழியில் பார்த்த லண்டன் விடியல், சிறைப்பட்ட ஹெய்ட்டித் தலைவர் டூசான் லூவெர்த்யூர் என்று அகமும் அரசியலும் ஒன்றாக வந்தன. 1816இல் கீட்ஸ், சாப்மனின் ஹோமர் மொழிபெயர்ப்பை நண்பரோடு இரவெல்லாம் படித்த கிளர்ச்சியை ஒரு சானெட்டாக்கினார். 1818இல் ஷெல்லியின் 'ஓசிமாண்டியாஸ்' வெளியானது. அதன் இயைபு எந்த முறைக்கும் அடங்காது. இவர்கள் யாரும் தங்களை ரொமாண்டிக் கவிஞர்கள் என்று அழைத்துக்கொண்டதில்லை. அது பின்னால் வந்த பெயர்.

1828இல் கல்கத்தாவில், இருபது வயதும் நிரம்பாத ஹென்றி டெரோசியோ இந்தியாவைத் தாய்நாடு என விளித்து ஒரு சானெட்டை வெளியிட்டார். இந்த மண்ணில் ஆங்கிலக் கவிதை எழுதத் தொடங்கிய மிகச் சிலரில் ஒருவர் அவர். இருபத்திரண்டு வயதில் காலரா அவரைக் கொண்டுபோனது.

விக்டோரியா காலத்தில் திருமணமே சானெட்டின் பொருளாகிறது. எலிசபெத் பாரெட் பிரௌனிங் 1850இல் வெளியிட்ட 44 சானெட்டுகள், காதலை ஏற்கத் தயங்கித் தயங்கி ஏற்கும் பெண்ணின் குரல். சொந்த வாழ்க்கையை மறைக்கத்தான் போர்த்துகீசிய மொழியிலிருந்து எடுத்ததுபோல் ஒரு தலைப்பு. 1862இல் ஜார்ஜ் மெரெடித், மனைவி பிரிந்துபோன தன் அனுபவத்தின் அடியிலிருந்து, ஒரு மணவாழ்க்கை குலைவதை ஐம்பது கவிதைகளில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் 16 அடி. 1881இல் கிறிஸ்டினா ரோசெட்டி, பெத்ரார்க் மரபில் பெயரில்லாமலும் குரலில்லாமலும் நின்ற பெண்களைப் பேசவைத்தார். பதினான்கு சானெட்டுகள் கொண்ட தொடர் அது.

ஹாப்கின்ஸ் தனி. ஏசு சபைத் துறவி. அழுத்தத்தை மட்டும் எண்ணிச் சந்தம் அமைத்தார், சானெட்டின் விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டு பத்தரை அடிக்குச் சுருக்கியும் பார்த்தார். டப்ளினில் 1885 வாக்கில் எழுதிய சானெட்டுகளில் இருக்கும் மனவேதனையைப் போல் நான் வேறெங்கும் படித்ததில்லை. 1889இல் இறந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது 1918இல். எழுதியவர் விக்டோரியா காலத்தவர், படித்து வியந்தவர்கள் மாடர்ன் காலத்தவர்கள். தேர்வில் விக்டோரியன் என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். படிக்கும்போது இரண்டு காலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போர்க்களமும் அதற்கு அப்பாலும்

1914இல் ரூபர்ட் புரூக் எழுதிய ஐந்து போர்ச் சானெட்டுகளில் நாட்டுக்காக இறப்பது தூய செயல். அதில் ஒன்றை 1915 ஈஸ்டர் அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் வாசித்தார்கள். அதே ஏப்ரலில், போய்க்கொண்டிருந்த போர்முனையை அடையும் முன்பே, கிருமித் தொற்றால் புரூக் இறந்தார்.

ஓவன் முன்னரணில் இருந்தவர். மனம் சிதைந்து எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் இருந்தபோது, அங்கே சந்தித்த கவிஞர் சசூனின் யோசனைகளைக் கேட்டுத் திருத்திய கவிதைதான் நான் முதலில் சொன்ன இரங்கற்பா. முதல் எட்டு அடியில் போர்க்களத்தின் பீரங்கிச் சத்தமே சாவுமணி. அடுத்த ஆறு அடியில் ஊரில் காத்திருப்பவர்களின் மௌனம். இயைபு ஆங்கில முறையில் தொடங்குகிறது, பிரிவு இத்தாலிய முறையில் இருக்கிறது. களத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் முழுவதும் அந்தத் திருப்பத்தில் அடங்கிவிடுகிறது. 1918 நவம்பர் 4 அன்று ஓவன் கொல்லப்பட்டார். போர் முடிய ஒரு வாரம் இருந்தது. மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே நாட்டின் மனம் எப்படி மாறியது என்பதற்கு இந்த இரண்டு பேரின் சானெட்டுகளைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

1919இல் அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டபோது, ஜமைக்காவில் பிறந்த கிளாட் மெக்கே எதிர்த்து நிற்கச் சொல்லி எழுதிய கவிதையும் ஷேக்ஸ்பியர் முறைச் சானெட்தான். அரசவைப் பிரபுக்களின் வடிவம் ஒடுக்கப்பட்டவர்களின் கைக்கு வந்துவிட்டது. பின்னாளில் லீட்ஸ் நகர ரொட்டித் தொழிலாளியின் மகன் டோனி ஹாரிசன், மெரெடித்தின் 16 அடியை எடுத்துத் தன் பெற்றோரின் பேச்சுமொழிக்கு இடம் கொடுத்தார். ஷேமஸ் ஹீனி, இறந்துபோன தாய்க்காக எழுதிய எட்டுச் சானெட்டுகளை 1987இல் வெளியிட்டார். கல்கத்தாவில் பிறந்த விக்ரம் சேத் 1986இல் ஒரு முழு நாவலையே, 'தி கோல்டன் கேட்', புஷ்கின் வகுத்த 14 அடிப் பாவில் எழுதி முடித்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது

காலப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு அது தேவை. ஆனால் பட்டியலை முதலில் படித்துவிட்டுக் கவிதைக்கு வராதீர்கள். முதலில் கவிதை, பிறகு பட்டியல். வயட்டின் மான், மில்டனின் பார்வையிழப்பு, சார்லட் ஸ்மித்தின் ஏதாவது ஒன்று, 'ஓசிமாண்டியாஸ்', ஹாப்கின்ஸின் டப்ளின் சானெட் ஒன்று, ஓவனின் இரங்கற்பா. இந்த ஆறையும் இதே வரிசையில் வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் பேசுகிறார்? யாரிடம்? திருப்பம் எந்த அடியில்? விடைகளை ஒரு தாளில் எழுதினால், கைடில் இருக்கும் பண்புகளை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

ஆறும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இந்த வாரமே தொடங்குங்கள்.